பார்த்த பறவையை எங்கே பதிவது? திருகோணமலை நண்பர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆவணி கடைசியில் வலசை வரும் கரைப் பறவைகளான உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் நிலாவெளி உப்பளத்திலும் இறக்கக்கண்டிக் களப்புச் சேற்றிலும் இறங்கத் தொடங்கினால், திருகோணமலையில் பறவை பார்ப்பவர்களின் போன்களுக்கு ஓய்வில்லை. அவை சித்திரையில் திரும்பிப் போகும்வரை படங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் "போன வருடம் பச்சைக்கால் உள்ளான் முதலில் எப்போது வந்தது, எத்தனை நின்றது?" என்று அடுத்த ஆவணியில் ஒருவர் கேட்டால், நூற்றுக்கணக்கான படங்களை மேலே தள்ளிப் பார்த்தும் பதில் கிடைப்பதில்லை. படம் இருக்கும், திகதி, இடம், எண்ணிக்கை மூன்றும் போயிருக்கும்.

எதைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு இந்த மூன்றையும் வைத்தே பதில் தேட வேண்டும். நம் கையில் இப்போது இருப்பவை வட்ஸ்அப், பேஸ்புக், பறவைப் பட்டியல் எழுதும் ஈபேர்ட் (eBird), எந்த உயிரையும் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist), கூகுள் போட்டோஸ் பொது ஆல்பம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேதி சொல்ல வட்ஸ்அப். பறவைப் பதிவுக்கு ஈபேர்ட். பறவையல்லாத உயிர்களுக்கும், இனம் பிடிபடாத படங்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். ஒன்றை மட்டும்தான் பழக முடியும் என்றால் ஈபேர்ட்டைப் பழகுங்கள்.

வட்ஸ்அப்: வேகத்துக்கு நிகரில்லை, நினைவுக்கு உதவாது

எல்லோரிடமும் இருக்கிறது, தமிழில் பேசி அனுப்பலாம், அரிய பறவை ஒன்று நிற்கும்போதே நாலு பேர் வந்து சேரலாம். ஆங்கிலப் பெயர் தெரியாத, ஆனால் களப்பின் ஒவ்வொரு மூலையும் தெரிந்த மீன்பிடிப்பவர்கள் சொல்லும் தகவல் இந்த வழியாகத்தான் வந்து சேரும். அதற்காகவே வட்ஸ்அப் குழுவை விட்டுவிடக் கூடாது.

சிக்கல் படத்தில் இருக்கிறது. வட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்ஸலுக்குக் குறைத்துவிடும். 24 மெகாபிக்ஸல் கமராப் படத்தின் அகலம் 6000 பிக்ஸல். அதில் தூரத்தில் நிற்கும் உப்புக்கொத்தி 400 பிக்ஸல் இடத்தைப் பிடித்திருந்தால், போய்ச் சேரும்போது அது 107 பிக்ஸல்தான். அலகின் நீளமும் காலின் நிறமும் அதில் தெரியாது. ஆகவே அனுப்பும் முன்பே பறவையைச் சுற்றி 1500 பிக்ஸல் அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். அப்போது 400 பிக்ஸலும் அப்படியே போகும். 2023 இல் வந்த எச்டி தெரிவு கொஞ்சம் உதவும், ஆனாலும் வெட்டி அனுப்புவதற்கு அது ஈடல்ல.

இரண்டாவது சிக்கல் திகதி. படமாக அனுப்பும்போது கமரா எழுதிவைத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து நீக்கப்படும். அண்ட்ரொய்ட் போனில் இறங்கும் படத்தின் பெயரில் ஒரு திகதி இருக்கும். அது படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. கிழமைக்குப் பின் அனுப்பிய படம் கிழமைக்குப் பிந்திய பறவையாகிவிடுகிறது. இதற்கு ஒரே மருந்து, படத்துக்குக் கீழே ஒரு வரி: "இறக்கக்கண்டிப் பாலத்துக்குத் தெற்கே, 08.11.2025, காலை 6.40, 23 பறவை, நானே பார்த்தது." கடைசிச் சொல்லையும் விடாதீர்கள். வேறு மாவட்டத்தில் எடுத்த படம் கைமாறி வந்து, இங்கே பார்த்ததாகப் பரவுவதை அது ஒன்றுதான் தடுக்கும்.

முழுப் படம் வேண்டும் என்று ஆவணமாக அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆவணமாகப் போகும் கோப்பில் எல்லாத் தகவலும் அப்படியே இருக்கும். போனில் எடுத்த படம் என்றால் இடத்தின் ஆள்கூறுகளும் சேர்ந்தே போகும். ஆட்காட்டியின் முட்டைப் படத்தை ஆவணமாக அனுப்பினால், முட்டை கிடக்கும் இடத்தைச் சில மீற்றர் பிசகில் குழுவிலுள்ள எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவர்கள் யாருக்கு மாற்றி அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

பேஸ்புக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படம் பாராட்டுப் பெறும். இனம் அறிந்தவர்கள் வெளியூரிலிருந்தும் பதில் சொல்வார்கள். ஆனால் தேடி எடுக்க முடியாது, திகதி பதிவிட்ட நாளாகவே நிற்கும், முன்பின் தெரியாதவர்கள் இடம் கேட்டு வருவார்கள். நல்ல படத்தை மக்களுக்குக் காட்ட அது நல்ல இடம். பதிவேடாக அதை நம்ப வேண்டாம்.

ஈபேர்ட்: பட்டியல்தான் அடிப்படை, படம் அல்ல

கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002 இல் தொடங்கியது ஈபேர்ட். இலவசம். இதில் ஒரு பறவையை அல்ல, ஒரு நடையைப் பதிகிறோம்: எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்கி, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், என்னென்ன பறவை, எத்தனை. இந்த வேறுபாட்டில்தான் இதன் பலம் இருக்கிறது. கூழைக்கடா பட்டியலில் இல்லாததும் ஒரு தகவல் ஆகிறது. வட்ஸ்அப்பில் கூழைக்கடாப் படம் வரவில்லை என்றால், கூழைக்கடா இல்லையா, யாரும் போகவில்லையா என்று தெரியாது.

போனில் செயலியை இறக்கியதும் வீட்டு வைபையிலேயே இலங்கைக்கான பறவைப் பொதியை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் பட்டியல் எழுதலாம். திரும்பி வந்து அனுப்பலாம்.

பிழை வருவது பெரும்பாலும் நாலு இடங்களில்.

முதலாவது, இடங்களைக் கலப்பது. காலையில் நிலாவெளியில் தொடங்கிப் புல்மோட்டை வரை மோட்டார் சைக்கிளில் போய், எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டால், அந்தப் பூநாரை எந்தக் களப்பில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. உப்பளத்துக்கு ஒன்று, இறக்கக்கண்டிக்கு ஒன்று, குச்சவெளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு பட்டியலின் தூரம் 8 கிலோமீற்றருக்குள் இருக்கட்டும்; 1 அல்லது 2 கிலோமீற்றர் இன்னும் நல்லது.

இரண்டாவது, தூரக் கணக்கு. கந்தளாய்க் குளக்கட்டில் 2 கிலோமீற்றர் போய் அதே வழியில் திரும்பினால் எழுத வேண்டியது 2, 4 அல்ல. போன் தானாக அளந்து 4 என்று காட்டும்; கையால் திருத்த வேண்டும். 30 மீற்றருக்குள்ளேயே நின்று பார்த்திருந்தால் அது நின்று பார்த்த பட்டியல், நடந்து பார்த்த பட்டியல் அல்ல.

மூன்றாவது, "முழுப் பட்டியலா?" என்று கேட்கும் கேள்வி. உங்களால் இனங்காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்பதுதான் அதன் பொருள். காகத்தையும் மைனாவையும் புலுனியையும் விட்டுவிட்டு நாலு அரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டு "ஆம்" என்று அழுத்தினால், அந்த நடையில் காகமே இல்லை என்று பதிவாகிறது. காகம் எழுதச் சலிப்பாக இருந்தால் "இல்லை" என்று அழுத்துவது நேர்மை. ஆனால் காகம் எழுதப் பழகிக்கொள்வதே நல்லது. இன்று சாதாரணமாக இருப்பது நாளை குறைகிறதா என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லும்.

நாலாவது, கூட்டமாகப் போய் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புவது. ஐந்து பேர் சேர்ந்து பார்த்த 40 நீலச்சிறகிகள் 200 ஆகிவிடும். ஒருவர் மட்டும் எழுதி, மற்றவர்களின் கணக்குக்குப் பகிர வேண்டும். அவரவர் பிரதியில் தாம் பார்க்காத பறவையை அவரவர் நீக்கிக்கொள்ளலாம். ஈபேர்ட் அதை ஒரே குழுப் பட்டியலாகவே கணக்கில் எடுக்கும்.

எண்ணத் தெரியாது என்று பின்வாங்க வேண்டாம். பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்து, கூட்டம் முழுவதும் அந்த அகலம் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தால் போதும். எண்ணவே முடியாதபோது எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் (X) என்று போடலாம். ஆனால் தோராயமான 300 கூட எக்ஸை விட எவ்வளவோ மேல்.

எண்ணிக்கை வழக்கத்துக்கு அதிகமாக இருந்தாலோ அந்தக் காலத்தில் வராத பறவையாக இருந்தாலோ, செயலி விளக்கம் கேட்கும். பின்னர் தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் மின்னஞ்சலும் அனுப்பலாம். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சிலர் ஈபேர்ட்டையே விட்டுவிடுகிறார்கள். அப்படி எடுக்கத் தேவையில்லை. "கால் பச்சை, அலகு நீளம், பறந்தபோது வாலில் வெள்ளை" என்று பார்த்ததை எழுதுங்கள். "நிச்சயம் அதுதான்" என்ற விளக்கம் பயன்படாது.

திருகோணமலைக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான மாடப்புறாக்கள் காட்டு வழி வந்தவை. ஈபேர்ட்டில் மாடப்புறாவுக்குள் காட்டு வகை, வளர்ப்பிலிருந்து திரிந்த வகை என்று தனித்தனித் தெரிவுகள் உண்டு. பட்டணத்துச் சந்தைப் புறாவையும் தீவுப் புறாவையும் ஒரே பெயரில் போட்டால் இந்த மாவட்டத்தின் சிறப்பான பதிவு ஒன்று கரைந்துபோகிறது. காட்டு வகைக்கு வெளிறிய சாம்பல் சிறகில் இரண்டு தெளிவான கறுப்புப் பட்டைகள் இருக்கும். ஆனால் திரிந்த புறாக்களிலும் சில அப்படியே இருப்பதால் ஒன்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூட்டம் முழுவதையும் படமெடுத்து, வெள்ளை, செம்மண், புள்ளி நிறங்கள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெயர் மாறும்போதும் ஈபேர்ட்டின் அருமை தெரியும். லெஸ்ஸர் சாண்ட் பிளவர் என்று நம் கடற்கரையில் எழுதிவந்த உப்புக்கொத்தி இப்போது இரண்டு இனமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இங்கே வருவது திபெத்தன் சாண்ட் பிளவர். பழைய ஈபேர்ட் பதிவுகளை அவர்களே புதிய பெயருக்கு மாற்றிவிட்டார்கள். கெண்டிஷ் பிளவர் என்ற இன்னோர் உப்புக்கொத்தியின் கதை இன்னும் முக்கியமானது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தங்கிக் குஞ்சு பொரிப்பவை தனி இனம் என்று 2023 இல் வெளிவந்த ஆய்வு காட்டி, ஹனுமான் பிளவர் என்று பெயரிட்டது. வலசை வருபவை வடக்கே போய்விட்ட ஆனி, ஆடியில் இங்கே கெண்டிஷ் பிளவர் போன்ற உப்புக்கொத்தி ஒன்று குஞ்சோடு நின்றால், அந்தத் திகதியே பெரிய சான்று. திகதியில்லாத அழகான படம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

ஐநேச்சுரலிஸ்ட்: ஒரு உயிர், ஒரு சான்று

2008 இல் கலிபோர்னியாவில் மாணவர் திட்டமாகப் பிறந்தது. இங்கே பதிவின் அடிப்படை நடை அல்ல, ஒரு தனி உயிர். கோட்டைப் புள்ளிமான், கண்டல் நண்டு, தும்பி, கடலில் தெரியும் நீலத்திமிங்கிலம், பெயர் தெரியாத செடி எல்லாவற்றையும் ஏற்கும். ஈபேர்ட் பறவையைத் தவிர ஒன்றையும் ஏற்காது. கணக்கின் அமைப்பில் பெயர் மொழியைத் தமிழாக்கினால், தமிழ்ப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கும் இனங்கள் தமிழிலேயே தெரியும்.

படத்தைப் பார்த்து மென்பொருள் ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். மீன்கொத்தி, செம்பருந்து போன்றவற்றில் நன்றாகவே சொல்லும். உள்ளான், உப்புக்கொத்தி, இளம் கடற்காகம், சிறு பழுப்புக் குருவிகளில் துணிந்து தவறும். அவற்றுக்குக் குடும்பம் அல்லது பேரினம் வரை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டு பேராவது பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். உரிமத் தெரிவு இடம் கொடுத்தால் உலகளாவிய உயிரினத் தரவுக் களஞ்சியத்துக்கும் போகும். நண்பர் குழுக்கள் கெடுப்பது இந்த இடத்தைத்தான். மூத்தவர் போட்ட பெயருக்கு மரியாதைக்காக இரண்டு பேர் "ஒத்துக்கொள்கிறேன்" என்று அழுத்தினால், தவறான பெயர் முத்திரையோடு நிலைத்துவிடும். தானாகப் பார்த்துத் தானாகத் தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள். மரியாதையைக் குழுவில் காட்டலாம்.

படத்தை 2048 பிக்ஸலுக்குக் குறைத்தே வைத்துக்கொள்ளும். இங்கும் வெட்டி ஏற்றுவதே நல்லது. எண்ணிக்கைக்கும் "இல்லை" என்ற தகவலுக்கும் இதில் உரிய இடமில்லை. அதனால்தான் பறவைகளுக்கு இதை இரண்டாம் தெரிவாகச் சொல்கிறோம்.

இடத்தை மறைப்பதில் ஈபேர்ட்டை விட இது மேலானது. ஒவ்வொரு பதிவுக்கும் "மறைத்துக் காட்டு" என்று தெரிவு செய்தால், ஏறத்தாழ 22 கிலோமீற்றர்ச் சதுரத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் புள்ளி தெரியும். நிலாவெளி ஆந்தை குச்சவெளிப் பக்கமோ கடலுக்குள்ளோ நிற்பதுபோல் காட்டும். ஆனால் அதே நாளில் அதே மரத்தடியில் எடுத்த வண்ணத்துப்பூச்சியைத் திறந்த பதிவாகப் போட்டால் மறைத்தது வீணாகும். குறிப்பில் பாடசாலையின் பெயரையோ கோவிலின் பெயரையோ எழுதினாலும் அதே கதைதான்.

கூகுள் போட்டோஸ் ஆல்பத்தை முழு அளவுப் படங்களைச் சேர்த்துவைக்கும் பெட்டியாக மட்டும் பாருங்கள். இலவச இடம் 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சலோடு சேர்த்து. 10 எம்பி அளவுள்ள 1500 படங்களோடு நிரம்பிவிடும். தேர்ந்த படங்களை மட்டும் போடுங்கள். ஆல்பத்தைப் பகிரும்போது இடத் தகவலைப் பகிரும் தெரிவை நிறுத்திவிடுங்கள்.

எங்குமே போடக் கூடாதவை

கூடு. ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறும் தரையில் முட்டையிடும். ஆள் வந்தால் தாய் எழுந்து போகும். உச்சி வெயிலில் மூடாமல் கிடக்கும் முட்டை வெந்துபோகும். ஆள் நின்ற இடத்தைக் காகமும் நாயும் கவனித்துக்கொண்டிருக்கும். வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒரே கூட்டைப் பல வருடம் பாவிக்கும். ஒரு தடவை இடம் வெளியானால் அந்தத் தீங்கு பல வருடம் தொடரும்.

ஈபேர்ட்டில் சில இனங்களின் இடத்தை அவர்களே மறைப்பார்கள். ஆனால் ஆட்காட்டி அந்தப் பட்டியலில் வராது; பொறுப்பு நம்முடையது. குஞ்சுகள் போன பின் உண்மையான திகதியோடு பட்டியலை அனுப்பலாம், அல்லது அனுப்பிய பட்டியலை இணையத்தளத்தில் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கலாம். பறவைக்குக் கீழே எழுதும் குறிப்பை எல்லோரும் வாசிக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

வீடும் அப்படித்தான். முற்றத்துப் பட்டியலை வீட்டின் மேலேயே குறியிட்டு "எங்கள் வீடு" என்று பெயர் வைத்தால், நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள் என்பதும் சேர்ந்தே வெளியாகும். பக்கத்துச் சந்தியில் குறியிட்டு ஊரின் பெயரை மட்டும் வைக்கலாம். பெண்கள் தனியாகப் போகும் இடங்களுக்கு இது இன்னும் கட்டாயம். கடற்படை, விமானப்படை வேலிகளை நோக்கி நீண்ட லென்ஸைத் திருப்ப வேண்டாம். அந்தப் பக்கத்துப் பறவையைக் கண்ணால் பார்த்து எண்ணிக்கையை மட்டும் எழுதினாலே போதும், படம் கட்டாயமல்ல.

எல்லாவற்றையும் ஒரு நாளில் இணைப்பது

புறப்படும் முன் கமராவால் போன் திரையின் நேரத்தை ஒரு படம் எடுங்கள். பெரும்பாலான கமராக்களின் மணி மெல்ல மெல்லப் பிசகும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கமராவில் நேர வலயமே வேறாக இருக்கும். அந்த ஒரு படம் இருந்தால் எத்தனை நிமிடம் பிசகு என்று கணக்கிட்டு அன்றைய எல்லாப் படங்களையும் திருத்தலாம்.

களத்தில் ஒருவர் ஈபேர்ட் எழுதட்டும், ஒருவர் எண்ணட்டும், மற்றவர்கள் படமெடுக்கட்டும். அரிய பறவை என்றால் உடனே வட்ஸ்அப்பில் ஒரு வரி. இரவு சாப்பாட்டுக்குப் பின் படங்களை வெட்டி, சான்றாக நிற்கும் ஒன்றிரண்டை மட்டும் ஈபேர்ட் பட்டியலில் ஏற்றுங்கள். அழகில்லாத படமானாலும் சிறகு விரிந்து பட்டை தெரிந்தால் அதுவே முதலில் போக வேண்டியது. பறவையல்லாதவை ஐநேச்சுரலிஸ்டுக்குப் போகட்டும். பட்டியலின் இணைப்பை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், "எத்தனை? எங்கே?" என்று கேட்பவருக்கு மறுபடி பதில் எழுத வேண்டியதில்லை.

குழுவில் ஆங்கிலப் பெயர் தெரியாதவர்கள் இருந்தால், இங்கே அடிக்கடி காணும் அறுபது பறவைகளுக்கு ஊர்ப்பெயரும் ஈபேர்ட் பெயரும் எதிரெதிரே போட்ட ஒரு தாளைத் தயாரித்து ஒட்டிவையுங்கள். மடையான், செண்பகம், புலுனி என்று ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுத அது போதும்.

பழைய படங்களையும் ஏற்றலாம், ஆனால் வட்ஸ்அப்பில் இறங்கிய பிரதியை வைத்து அல்ல. படமெடுத்தவரின் மெமரி கார்டில் அல்லது கணினியில் மூலக்கோப்பு இருந்தால், அதிலுள்ள திகதியைப் பார்த்து, ஈபேர்ட்டில் "பழைய பதிவு" என்ற வகையில், எண்ணிக்கை தெரியாவிட்டால் எக்ஸ் போட்டு ஏற்றுங்கள். முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அழுத்துங்கள். நாள் நிச்சயமில்லாத படத்தை ஆல்பத்திலேயே விட்டுவிடுங்கள்.